எஸ்டேட் பங்களா திகில் கேம்: ஜப்பானியப் பேய்க்கதைகளிலிருந்து எதை எடுப்பது?

கேத்தி_பாசஞ்சர்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன திகில் கேம் செய்கிறோம். கேம் செய்யும் மென்பொருள் கோடோ 4 எஞ்சின், ஆட்டக்காரரின் கண் வழியாகவே பார்க்கும் ஆட்டம், மொத்தம் ஒரு மணி நேரம். களம்: மூடிக்கிடக்கும் எஸ்டேட் பங்களா, பக்கத்தில் கொழுந்து எடை போடும் ஷெட், கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள். ஆட்டக்காரர் இரவு வாட்ச்மேன். வெள்ளைப் புடவைப் பேய் கதவுக்குப் பின்னால், ஜன்னலில், படிக்கட்டில் என்று ஏழு இடங்களில் வருகிறது. ஆடிப் பார்த்தவர்கள் முதல் இரண்டு தடவை துள்ளுகிறார்கள். மூன்றாவதிலிருந்து சிரிக்கிறார்கள்.

ஃபேட்டல் ஃபிரேம், சைரன் மாதிரி ஜப்பானிய கேம்களில் பேயே வராத வராந்தாவில்கூடக் கால் நகர மறுக்கிறது. அவர்கள் தங்கள் ஊர்ப் பழைய பேய்க்கதைகளிலிருந்து எதை எடுத்தார்கள்? நாங்கள் எதை எடுக்கலாம்? இன்னொரு சிக்கல்: எங்கள் லேப்டாப்களில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பனிமூட்டம் போட்டாலே திணறுகிறது. பனி இல்லாமல் நீலகிரி இரவைக் காட்டவும் முடியாது.

பேயுரை

அந்த ஏழு இடங்களை முதலில் இரண்டாகக் குறையுங்கள். மீதி ஐந்தில் பேய் வரக்கூடும் என்ற நிலை மட்டும் இருக்கட்டும்.

ஜப்பானியர்கள் எடுத்தது கதைகளுக்குள் இருக்கும் விதிகளை. பேய் எதனால் வருகிறது, எது வரை வரும், எதைச் செய்தால் நிற்கும், அந்தக் காவல் எங்கே ஓட்டையாகும் என்பது அந்தக் கதைகளில் தெளிவாக இருக்கும். விதி தெரியாத ஆட்டக்காரர் திடுக்கிடுவார், அவ்வளவுதான். தெரிந்தவர் அடுத்த அறைக்குப் போகும் முன்பே கணக்குப் போட ஆரம்பிப்பார், பயம் அங்கேதான் பிறக்கிறது.

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) நூறு கதை சொல்லும் கூட்டம் என்று ஒரு வழக்கம் இருந்தது. நீலத்தாள் ஒட்டிய விளக்கில் 100 திரி. ஒரு பேய்க்கதை முடிந்ததும் சொன்னவர் போய் ஒரு திரியை அணைத்துவிட்டு வரவேண்டும். கதை கூடக்கூட வெளிச்சம் குறையும். நூறாவது திரி அணைந்தால் நிஜமாகவே ஏதோ வரும் என்பதால் 99 கதையோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. பெரும்பாலான கேம்களில் ஆட்டம் முன்னேறினால் கையில் ஆயுதமும் பேட்டரியும் சேரும். இங்கே அது தலைகீழ்.

உங்கள் பங்களாவில் 12 விளக்கு இருக்கட்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு விளக்கை ஆட்டக்காரரே அணைத்தாக வேண்டும். ஜெனரேட்டர் டீசல் போதாது என்று காரணம் வைக்கலாம். எந்த விளக்கு என்பது அவர் விருப்பம். திரும்பி வரவேண்டிய வழியை அவர் கையாலேயே இருட்டாக்குகிறார். இதில் கெடுவது ஒன்றுதான்: எட்டு விளக்கு போனதும் சுவரே தெரியாமல் போகும், ஆடுபவர் மானிட்டர் வெளிச்சத்தை ஏற்றிவிடுவார், அத்தோடு பயம் போச்சு. அதனால் எல்லா விளக்கும் அணைந்த நிலையிலும் கதவுச் சட்டமும் தரை விளிம்பும் தெரியும் அளவுக்கு ஜன்னல் வழியாக மங்கிய வெளிச்சம் ஒன்றை நிரந்தரமாக விட்டுவையுங்கள்.

அடுத்தது காவலில் விட்டுப்போன இடம். காதில்லாத ஹோயிச்சியின் கதை, எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட தொகுப்பால் உலகம் முழுக்கப் போனது. பார்வையில்லாத பாடகனின் உடம்பு முழுக்க மந்திரம் எழுதுகிறார்கள், காதில் மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள். பேய்க்கு அந்தக் காது மட்டும்தான் தெரிகிறது, பிய்த்துக்கொண்டு போகிறது. பியோனி விளக்கு என்ற இன்னொரு ஜப்பானியக் கதையில் வீட்டைச் சுற்றி மந்திரத்தாள் ஒட்டியிருக்கும். பேயிடம் காசு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரன் அதில் ஒன்றைக் கிழித்துவிடுவான். உங்களுக்கு இப்படி வரும்: பங்களாவில் 14 ஜன்னல், ஒவ்வொரு கொண்டியிலும் மந்திரித்த கயிறு. கட்டுவது ஆட்டக்காரர் வேலை. எதைக் கட்டாமல் விட்டாரோ, எது அவிழ்ந்ததோ, அந்த வழியாகத்தான் பேய் வரும். எந்தக் கயிறு அவிழும் என்பதை முழுக்கக் குலுக்கலுக்கு விடாதீர்கள். போய்ப் பார்த்தால் கண்ணில் படும்படி, பேய் வர 40 வினாடி முன்னதாகவே அவிழட்டும். பார்க்க வாய்ப்பே தராமல் அடித்தால் ஆட்டக்காரருக்குக் கேம்மேல் கோபம் வரும், பேய்மேல் பயம் வராது.

டெக்மோ 2001இல் வெளியிட்ட ஃபேட்டல் ஃபிரேமை இந்தக் கோணத்தில் பாருங்கள். ஆயுதம் ஒரு பழைய கேமரா. பேயை நெருங்கவிட்டு, அது பாயும் நொடியில் படமெடுத்தால்தான் அதிக சேதம். ஃபிலிம் குறைவு. எந்த முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறோமோ அதையே வியூஃபைண்டரில் நடுவாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தனக்கு நடந்த அநியாயத்தை யாராவது பார்க்கவேண்டும் என்பதற்காக வரும் பேய்கள்தான் அந்தப் பழைய கதைகளில் பாதி. அதை அப்படியே பொத்தானாக மாற்றிவிட்டார்கள்.

2003இல் வந்த சைரன் வேறு வழி. வெளித்தொடர்பு அறுந்த மலைக்கிராமம். ரேடியோ அலைவரிசை தேடுவதுபோல் ஸ்டிக்கைத் திருப்பி எதிரியின் கண் வழியாகப் பார்க்கலாம். அந்தக் காட்சியில் உங்கள் முதுகே தெரியும்போதுதான் விஷயம் புரியும். அடுக்கடுக்கான தேயிலைச் சரிவும் குறுக்குப் பாதைகளும் உள்ள உங்கள் களத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் முதல் கேமில் செய்யாதீர்கள், இரண்டு பார்வையை ஒரே நேரத்தில் வரைய நேர்ந்தால் உங்கள் லேப்டாப்புக்குத் தாங்காது.

எதிர் உதாரணமும் உண்டு. 2022இல் வந்த கோஸ்ட்வயர்: டோக்கியோவில் ஜப்பானியப் பூதங்கள் அத்தனையும் அழகாக இருக்கின்றன. கையிலிருந்து சக்தியை வீசி அடிக்க முடிந்ததும் அவை பயமுறுத்துவதை நிறுத்திவிடுகின்றன. உலாவிப் பார்க்க அருமையான கேம். உங்களுக்கு அது வழிகாட்டியல்ல.

மூங்கில்_இசை

சத்தத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். கபுகிங்கிற ஜப்பானிய நாடக மேடையில பேய் வர்றதுக்கு முன்னாடியே பெரிய மேளத்தை ரொம்ப மெதுவா உருட்டுவாங்க, கூடவே புல்லாங்குழல் இழுப்பு. ஜப்பான்ல சின்னப் பிள்ளைங்ககூட பேய் மாதிரி நடிக்கும்போது அந்தச் சத்தத்தைத்தான் வாயால பண்ணும். சத்தம் முதல்ல, உருவம் அப்புறம். நீங்க பேய் வர்ற அதே நொடியில டமால்னு போடுறீங்கன்னு நினைக்கிறேன். அதை எடுத்துடுங்க.

பியோனி விளக்குக் கதையில இன்னொரு பாடம் இருக்கு. ஜப்பானியப் பேய்க்குப் பொதுவா கால் கிடையாது. அந்தக் கதையில மட்டும் மரச்செருப்புச் சத்தம் ராத்திரி ராத்திரி தெருவுல நெருங்கி வரும். யாருன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரனுக்கு அந்த நடை பழகிடும். நம்ம ஊர்ல உடனே கொலுசுன்னு யோசிப்பாங்க, ஆனா கொலுசு சினிமாவுல தேய்ஞ்சு போச்சு. கொழுந்து பறிக்கிறவங்க செடி ஈரம் படாம இருக்க இடுப்புல பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருப்பாங்க இல்லையா, அது தேயிலைச் செடி வரிசைக்கு நடுவுல உரசிக்கிட்டு வர்ற சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. சரக், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி சரக். பறிக்கிறவங்க நடை அப்படித்தான், ரெண்டு எட்டு வைப்பாங்க, நிப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் கொழுந்து பறிக்க மாட்டாங்கங்கிறது மலைக்காரங்க எல்லாருக்கும் தெரியும்.

பதிவு பண்ணும்போது மைக்கை இடுப்பு உயரத்துல, செடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைங்க. காத்துக்கு ரோமக் கவர் கட்டாயம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. கோப்பு மோனோவா இருக்கணும், ஸ்டீரியோவா போட்டா எந்தத் திசையில இருந்து வருதுன்னு கேமுக்குள்ள குழம்பும். ஒரே சரக்கைத் திரும்பத் திரும்பப் போட்டா அஞ்சாவது தடவை காது கண்டுபிடிச்சிடும், குறைஞ்சது எட்டு வேற வேற சரக் வேணும்.

சுற்றுப்புறச் சத்தத்துக்கு மழைக்கால ஷோலா (மலைக்காடு) தவளைங்க போதும். ஆறு தவளை, ஆறும் தனித்தனி இடத்துல இருந்து கத்தணும். பேய் 12 மீட்டருக்குள்ள வந்தா அந்தத் தவளை மட்டும் கப்புனு நிக்கணும், பேய் விலகி எட்டுப் பத்து வினாடி கழிச்சு மறுபடி ஆரம்பிக்கணும். எந்தப் பக்கம் அமைதியாச்சோ அந்தப் பக்கம் பேய். இதை வாயால சொல்லித் தராதீங்க, அரை மணி நேரத்துல அவங்களே கண்டுபிடிப்பாங்க. யோமவாரி கேம்ல ஆவி நெருங்கினா இதயத் துடிப்பு ஏறும்; இது அதே வேலையை நம்ம காட்டை வெச்சுச் செய்யுது.

தகரக் கூரை மழை லூப், காத்து லூப், ஜெனரேட்டர் லூப் மூணும் ஒரே நீளமா இருக்கக் கூடாது. 47, 61, 89 வினாடின்னு வெச்சா ஒரே சேர்க்கை திரும்ப வர ரொம்ப நேரமாகும்.

ஷோலா_ஷேடர்

பனிமூட்டத்துக்கு. கோடோ 4இல் கன அளவுப் பனி (இடத்தை நிரப்பி நிற்கும் பனி) ஃபார்வர்ட் பிளஸ் என்ற ரெண்டரரில் (காட்சியை வரையும் முறை) மட்டும்தான் வேலை செய்யும், உங்கள் லேப்டாப்பை மூச்சுத்திணற வைப்பது அதுதான். கம்பாட்டிபிலிட்டி ரெண்டரருக்கு மாறுங்கள். சாதாரணத் தொலைவுப் பனி அதில் கிடைக்கும், அதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

அடர்த்தியை உத்தேசமாகப் போடாதீர்கள். அடர்த்தியையும் தூரத்தையும் பெருக்கி வரும் எண் 3 ஆகும் இடத்தில் பொருளின் நிறம் 5 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது மறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அடர்த்தி 0.2 என்றால் 15 மீட்டர். 0.1 என்றால் 30 மீட்டர். பங்களா முற்றத்துக்கு 0.2, தேயிலைச் சரிவுக்கு 0.1 சரியாக இருக்கும். கேமராவின் தொலை எல்லையையும் 40 மீட்டருக்கு இறக்குங்கள். பனிக்குப் பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான தேயிலைச் செடிகளை வரையும் வேலை மிச்சம்.

தொலைவுப் பனியில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தானாக வராது. கேமராவைப் பார்த்தே திரும்பும் ஒரு தட்டையான படத்தை விளக்கின்மேல் சேர்ப்பு முறைக் கலப்பில் (பின்னணி வெளிச்சத்தோடு கூட்டி வரைவது) வையுங்கள். நகரும் பனிக்கு, இரைச்சல் படம் ஓடும் ஒளிபுகும் தகடுகள் ஐந்தாறு போதும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கினால் மறுபடி திணறும். தகட்டுக்குள் ஆட்டக்காரர் நுழையும்போது கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு தெரியும். தூரத்தைப் பொறுத்து மங்கும் அமைப்பை இயக்கி 1.5 மீட்டருக்குள் முழுக்க மறையவிடுங்கள்.

வெள்ளைப் புடவையை மாற்றுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஜப்பானியப் பேயின் வெள்ளை உடை பிணத்துக்குப் போர்த்தும் உடை, பின்னணி இருண்ட மரவீடு. வெள்ளை அங்கே பளிச்சென்று தெரியும். உங்கள் பின்னணி சாம்பல் பனி. 0.2 அடர்த்தியில் 8 மீட்டர் தள்ளி நிற்கும் உருவத்தின் சொந்த நிறத்தில் 20 சதவீதம்தான் கண்ணுக்கு வரும், வெள்ளை அதில் கரைந்தே போகும். கறுப்புக் கம்பளி போர்த்திய உருவத்தை, பின்னால் ஒரு விளக்கு இருக்கும்படி நிறுத்துங்கள். முகம் தெரியாது, விளிம்பு மட்டும் தெரியும். மழைநாளில் தலையோடு கம்பளி போர்த்தி நிற்பவர் எங்கள் பக்கத்தில் சாதாரணக் காட்சி. பேயா ஆளா என்று ஆட்டக்காரர் நிதானிக்க ஐந்து வினாடியாவது ஆகும்.

பார்க்காதபோது இடம் மாறும் பேய் வேண்டுமென்றால் கோடோவின் ‘விசிபிள் ஆன் ஸ்கிரீன் நோட்டிஃபையர்’ மட்டும் போதாது. உருவம் கேமரா சட்டகத்துக்குள் இருக்கிறதா என்றுதான் அது சொல்லும், நடுவில் சுவர் இருப்பதைக் கணக்கில் எடுக்காது. சுவருக்குப் பின்னால் இருக்கும் பேயையும் ‘பார்க்கிறார்’ என்று நினைத்து உறையவைத்துவிடும். தலை, மார்பு, முழங்கால் மூன்றுக்கும் ஒவ்வொரு ரேகாஸ்ட் (நடுவில் ஏதாவது தடுக்கிறதா என்று பார்க்கும் நேர்கோடு) விட்டுச் சரிபாருங்கள்.

கேத்தி_பாசஞ்சர்

மூவருக்கும் நன்றி. கம்பளியும் தவளையும் இன்று ராத்திரியே சேர்க்கிறோம். இரண்டு கேள்வி. எடை ஷெட்டை இதுவரை வெறும் அலங்காரமாகத்தான் வைத்திருக்கிறோம், அதற்கு என்ன விதி வைக்கலாம்? பேய்க்குக் காரணமாக நீலகிரிப் பழங்குடியான குறும்பர் ஒரு மந்திரவாதி, அல்லது தோடர் மந்தில் (தோடர் குடியிருப்பு) நடந்த ஒரு சடங்கு என்று வைக்க யோசனை. சரியா?

ஹட்டிவாசி

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்ற பழியால் குறும்பர்கள் இந்த மலையில் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பழியை மறுபடி ஒரு கேமுக்குள் வைத்து விற்பது தவறு. தோடர் மந்தும் கோயிலும் இன்றும் வழிபாட்டில் உள்ளவை. அவை உங்கள் மேடைப் பொருள் அல்ல.

ஃபேட்டல் ஃபிரேமில் வரும் கயிற்றுச் சடங்கைப் பாருங்கள். அப்படி ஒரு சடங்கு எந்த ஊரிலும் இல்லை, அவர்களே உண்டாக்கியது. கயிறு, வாசல், தீட்டு, பலி என்று ஜப்பானியருக்குப் பழகிய உறுப்புகளைக் கோத்ததால் உண்மைபோல் இருக்கிறது. நீங்களும் உண்டாக்குங்கள். உங்கள் மந்திரக் கயிறு எந்தச் சமூகத்தின் பெயரையும் தாங்க வேண்டியதில்லை.

பேயின் காரணத்தை எஸ்டேட்டுக்குள்ளேயே தேடுங்கள். ஜப்பானியப் பேய்க்கதையில் வரும் ஓகிகு ஒரு வேலைக்காரி. 1825இல் மேடையேறிய யோட்சுயா நாடகத்தின் ஓயிவா, புருஷனே கைவிட்டு, மருந்து என்று நம்பி விஷத்தைக் குடித்தவள். எளியவர்களுக்கு மேலே இருப்பவர் செய்த அநியாயம்தான் அந்தக் கதைகளின் வேர். நம்மிடமும் அதே வேர்தான்: பழையனூர் நீலி பழிதீர்க்க வருபவள், அநியாயமாகச் செத்த பெண்ணைக் கன்னித்தெய்வமாக்கிப் படையல் வைப்பது இன்றும் நடக்கிறது. ஜப்பானிலும் 903இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்த சுகவாரா நோ மிச்சிசானேயின் ஆவிக்கு அஞ்சித்தான் கோயில் கட்டிக் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒரு தோட்டத் தொழிலாளி, ஒரு கங்காணி, ஒரு துரை, பிடித்தம் செய்த கூலி. இதற்குமேல் மந்திரவாதி எதற்கு?

பேயுரை

ஹட்டிவாசி சொன்னதையே எடை ஷெட்டுக்குக் கொண்டுபோகலாம். ஓகிகு கதை இதுதான்: பரம்பரைத் தட்டு 10, ஒன்று குறைகிறது, பழி அவள்மேல், உடல் கிணற்றில். இரவில் கிணற்றிலிருந்து எண்ணும் குரல் ஒன்பது வரை வந்து அலறலில் முடியும். ஒரு வடிவத்தில், ஒன்பது என்றதும் ஒருவர் வெளியிலிருந்து “பத்து” என்று கத்திவிடுவார். எண்ணிக்கை நிறைந்ததும் அவள் அடங்கிவிடுவாள்.

உங்கள் ஷெட்டில் எடை போடும் குரல் பெயரும் கிலோவும் சொல்லட்டும்: “மாரியாயி, பதினெட்டு. செல்லம்மா, இருபத்தொண்ணு.” செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) பத்துப் பேர். குரல் ஒன்பது பெயரோடு நிற்கும். முதல் ஆறு பெயருக்கு நான்கு வினாடி இடைவெளி, ஏழாவதுக்கு முன் ஆறு, எட்டாவதுக்கு முன் எட்டு, ஒன்பதாவதுக்கு முன் பத்து. ஒன்பதாவது பெயர் முடிந்ததும் கம்பளி உருவம் ஷெட்டை விட்டுப் பங்களாவை நோக்கிக் கிளம்பும். பங்களாவின் எந்த மூலையில் இருந்தாலும் குரல் கேட்க வேண்டும், மூடிய கதவு வழியாக வரும்போது 800 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி மந்தமாக்குங்கள். எதிரொலியைப் பதிவிலேயே சேர்க்காதீர்கள், இடத்துக்குத் தகுந்தபடி எஞ்சின் சேர்க்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பதிவாவது வேண்டும்.

பத்தாவது பெயர் செக்ரோலில் மை கொட்டி அழிக்கப்பட்டிருக்கும். அதை லைன் வீட்டுச் சுவர், மருந்துச் சீட்டு, கூலிக் கவர் ஆகியவற்றிலிருந்து கண்டுபிடித்து, குரல் ஒன்பதில் நிற்கும் இடைவெளியில் ஷெட் வாசலில் நின்று சொல்ல வேண்டும். தப்பான பெயர் சொன்னால் ஆளைக் கொல்லாதீர்கள். அடுத்த தடவை எண்ணிக்கை மூன்றாவது பெயரிலிருந்து தொடங்கட்டும், அதாவது அவருக்குக் கிடைக்கும் நேரம் குறையட்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் எண்ணிக்கை வரக்கூடாது. ஐந்தாவது தடவை அது காதுக்குப் பழகிய மழைச்சத்தமாகிவிடும்.

பாதுகாப்பான வாட்ச்மேன் அறை ஒன்று வைத்திருப்பீர்கள். ஹெர்னின் அதே தொகுப்பில் முகமில்லாத பெண்ணைப் பார்த்து ஓடுகிறவன், சோபா என்ற நூடுல்ஸ் விற்பவனின் விளக்கைக் கண்டு அங்கே போய் நிற்பான். அவனுக்கும் முகம் இருக்காது, விளக்கும் அணைந்துவிடும். 2004இல் வந்த சைலன்ட் ஹில் 4 இதைத்தான் பெரிதாகச் செய்தது: முதல் பாதியில் காயம் ஆற்றும் வீடு, இரண்டாம் பாதியில் பேய் புகுந்த வீடு. நீங்கள் ஒரே ஒரு தடவை செய்யுங்கள், மூன்றாவது எண்ணிக்கைக்குப் பிறகு. அதற்கு முன் அந்த அறைக்குள் எதுவுமே நடக்கக் கூடாது, ஒரு கதவுச் சத்தம்கூட.

ஆடிப் பார்ப்பவர்களிடம் “பயமா இருந்துதா” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். அரை வினாடிக்கு ஒருமுறை ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை ஒரு கோப்பில் எழுதவிடுங்கள். கதவு முன்னால் மூன்று வினாடிக்குமேல் நின்ற இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். பேயே வைக்காத கதவுகளில் அந்தக் குறி விழ ஆரம்பித்தால் விதிகள் வேலை செய்கின்றன. பேய் வரும் இடத்தில் மட்டும் விழுந்தால் கயிறு அவிழும் முன்னறிவிப்பை இன்னும் நீட்டுங்கள், 40 வினாடியை 60 ஆக்கிப் பாருங்கள்.